துணிமணியோடு ஓர் அலமாரி

யூதர்களை ஏற்றிப்போகும் லாரி தெருமுனைக்கு வந்துவிட்டது. கித்தல் தன் ஐந்து வயது மகளைத் துணி அலமாரிக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். அடுத்த நிமிடம் போலீஸ்காரன் உள்ளே நுழைந்தான். அவன் பின்னாலேயே பக்கத்து வீட்டு இர்மா. காலியாகப்போகும் வீட்டில் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்க வந்திருந்தாள். கித்தலோடு அவள் பேசி மூன்று வருடம் ஆகிறது.

இர்மா நேரே போய் அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு கணம் பார்த்துவிட்டு இர்மா கதவை மூடினாள்.

“இது எனக்கு வேணுங்க,” என்றாள் போலீஸ்காரனிடம். “துணிமணியோட அப்படியே எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்கோ,” என்றவன் கித்தலை வாசல் பக்கம் தள்ளினான்.

இர்மாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“கதவ மெதுவாத் திறங்க,” என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுக் கித்தல் படியிறங்கினாள்.