கரண்டிச் சத்தம்

"கையில இருக்கிறது முட்டைதான், வெடிகுண்டு இல்ல. பயப்படாம உடைங்க."

பேருந்து ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தின் விளிம்பில் முட்டையைத் தட்டினான். பாதி கிண்ணத்துக்குள் போனது, பாதி சமையல் மேடையில் வழிந்தது.

"பரவாயில்ல டீச்சர். நேத்து மொத்தமும் மேடைக்குத்தான் போச்சு."

டீச்சர் என்று அவன் கூப்பிடுகிறவள் உண்மையில் தையல் கடை வைத்திருப்பவள். இரண்டு வாரமாகக் கடையை அடைத்த கையோடு, கழுத்தில் அளவு டேப் தொங்க, நேராக இங்கே வந்து அவனுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் பட்டப்பெயர் அவளுக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவனுக்குப் பரீட்சை. விவாகரத்தாகி ஒரு வருடம் ஆகிறது. மகளை வார விடுமுறையில் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கோர்ட்டில் கேட்டிருந்தான். 'இவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, குழந்தை பட்டினிதான் கிடக்கும்' என்று குழந்தையின் அம்மா பக்கத்திலிருந்து பதில் வந்தது. நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓர் அதிகாரி நேரில் போய் அவர் சமைப்பதைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

"கோர்ட்டுல சொன்னது பொய் இல்லையே டீச்சர். அதான் வலிச்சுது."

"வலிச்சது போதும். கேரட்டை எடுங்க. இவ்வளவு பெருசா வெட்டினா பிள்ளைங்க பொறுக்கி ஓரமா வச்சிடும். பீன்ஸும் அப்படித்தான். தப்பிச்சு ஓட முடியாத அளவுக்குப் பொடிசா வெட்டணும்."

வெட்டினான். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் விரல் தப்பியது. அடுத்து சோற்றைச் சூடாக அப்படியே வாணலியில் கொட்டப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போன வாரம் இப்படித்தானே போட்டீங்க? என்ன ஆச்சு?"

"போஸ்டர் ஒட்டலாம் போல இருந்துச்சு."

"தட்டுல பரப்பி ஃபேனுக்கு அடியில வைங்க. ஆறி, உதிரியா ஆகட்டும். அதுக்குள்ள முட்டையைக் கிளறி எடுத்துத் தனியா வச்சிடலாம்."

எண்ணெய் காய்ந்தது. முட்டை பொங்கிப் பூத்தது. அவன் கரண்டியையே முறைத்துக்கொண்டு நின்றான்.

"பஸ் ஓட்டும்போது ரோட்டைப் பாப்பீங்களா, ஸ்டியரிங்கைப் பாப்பீங்களா?"

"ரோட்டை."

"அப்போ வாணலியைப் பாருங்க. கரண்டி தானா வரும்."

வந்தது. காய்கள் நறுக்கென்று வதங்கின. சோறு விழுந்தது, முட்டை சேர்ந்தது, மிளகுத்தூள் தும்மலைக் கிளப்பியது. தீயைக் குறைக்கப் போனவனைப் பார்வையாலேயே தடுத்தாள். கடைசியில் வெங்காயத்தாளைத் தூவிவிட்டு, அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கி, வாணலி விளிம்பில் 'டக் டக்' என்று இரண்டு முறை தட்டிவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"அது எதுக்கு?"

"பழக்கம். இனிமே நீங்களும் தட்டுங்க."

அவன் ஒரு வாய் சாப்பிட்டான். பிறகு தட்டையே காலி செய்தான். நன்றாக இருந்தது. தானே சமைத்தது என்பதை அவனாலேயே நம்ப முடியவில்லை.

"பாஸா டீச்சர்?"

"சனிக்கிழமை தெரியும்" என்று டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமை அதிகாரி அம்மாள், மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். மகள் கூடத்தில் உட்கார்ந்து படம் வரையத் தொடங்கினாள். அதிகாரி நேராகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்.

"ஹோட்டல்ல வாங்கி ஒளிச்சு வைக்கிறவங்களும் உண்டு. தப்பா நினைக்காதீங்க."

"குப்பைத்தொட்டியையும் பாத்துடுங்க மேடம்."

அதையும் பார்த்தார். பீன்ஸ் காம்பும் கேரட் தோலும்தான் கிடந்தன.

அவன் லுங்கியை மாற்றிப் பேன்ட் போட்டிருந்தானே தவிர, வேறெந்தப் பதற்றமும் இல்லை. முட்டையை ஒற்றைக் கையில் உடைத்தான். ஃபேனுக்கு அடியில் ஆறிய சோற்றை அள்ளி வாணலியில் போட்டான். வளைவு தெரிந்த பாதையில் வண்டியை விடுகிறவன் போலக் கரண்டியைச் சுழற்றினான். அதிகாரியின் பேனா எழுதுவதை நிறுத்தியிருந்தது. வாசனை அவரையும் விட்டுவைக்கவில்லை.

வெங்காயத்தாளைத் தூவினான். விளிம்பில் 'டக் டக்' என்று தட்டிவிட்டு அடுப்பை அணைத்தான்.

கூடத்தில் பென்சில் உருளும் சத்தம் கேட்டது. மகள் ஓடி வந்து கதவருகே நின்று, அப்பாவைத் தாண்டி, அதிகாரியைத் தாண்டி, சமையலறையின் மூலை வரைக்கும் தேடினாள்.

"அம்மா எங்கப்பா?"

"அம்மா வரலையேடா குட்டி."

"பொய். அம்மா தட்டினாங்களே, சாப்பாடு ரெடின்னு. நம்ம வீட்டுல தினமும் அப்படித்தான் தட்டுவாங்க."

அதிகாரி அவனைப் பார்த்தார். வாணலியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்குச் சமைக்கவே தெரியாதுன்னு கோர்ட்டுல சொன்னது இவங்க அம்மாதானே?"

"ஆமா மேடம். அவளுக்குப் பொய் சொல்ல வராது" என்று மகளின் தட்டை நிரப்பினான் ஓட்டுநர். "அதான் இங்க வந்து, உண்மையை மாத்திட்டுப் போயிட்டா."