வின்சன்ற் பூட்டின கொம்பியூட்டர்

“டேய் நிக்கலஸ், என்ட பேரை நாறடிக்கிறதெண்டே நிக்கிறியா?”

வின்சன்ற் வந்த வேகத்துக்கு நிக்கலஸின்ட வெள்ளவத்தை வீடியோ ஸ்டூடியோவின்ட கண்ணாடிக் கதவு கிடுகிடுத்துப் போச்சு. கொட்டாஞ்சேனையில பாகம் பாகமா வாங்கிக் கொம்பியூட்டர் பூட்டி விக்கிற மனுசன். ரோசக்காரன்.

“இருந்து கதை மச்சான்.”

“இருக்க வரேல்ல. கலியாண வீடியோ எடிட் பண்ண நான் உனக்குப் பூட்டித் தந்ததைவிடப் பெரிய மிஷின் கொழும்பிலயே இல்லை. நீ என்னடாவெண்டால் வாறவன் போறவனிட்டயெல்லாம் ‘மிஷின் ஸ்லோ, மிஷின் ஸ்லோ’ எண்டு சொல்லுறியாம். என்னட்ட ஓடர் குடுக்க வந்தவன் அதைக் கேட்டுட்டுத் திரும்பிப் போட்டான்!”

“ஸ்லோதானே மச்சான். நான் என்ன செய்ய?”

மூலைக் கதிரையில பாலேஸ்வரி அக்கா. மகளின்ட கலியாணத்துக்கு வன்னியில இருந்து வந்தவ. மகள் மாப்பிள்ளையோட நோர்வேக்கும் போயிட்டாள். அக்கா மட்டும் பக்கத்து லொட்ஜில தங்கி, வீடியோவுக்காக ஒவ்வொரு நாளும் இங்க வந்து குந்தியிருக்கிறா.

வின்சன்ற்றுக்குப் பாவமாப் போச்சு. “எவ்வளவு காலமா அக்கா இவன் இழுத்தடிக்கிறான்?”

“பரவாயில்லைத் தம்பி. ஆறுதலாச் செய்யட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.”

“பாத்தியா, இந்த மனுசியின்ட பொறுமையை! வேற ஆளெண்டால் உன்ட கமராவைத் தூக்கி அடிச்சிருக்கும். தள்ளு!”

நிக்கலஸ் மறிக்க மறிக்க வின்சன்ற் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்திட்டார். வைரஸ் இருக்கோ? இல்லை. டிஸ்கில இடம் காணாதோ? தாராளமாக் கிடக்கு. ராம்? தேவைக்கு மேலயே இருக்கு. பெட்டியைக் கழட்டித் தூசு ஊதினார். ஊத அங்க தூசும் இல்லை.

ஒரு துண்டு வீடியோவில ரோசாப்பூ, மயில், இதயம் எல்லாத்தையும் பறக்கவிட்டுப் பார்த்தார். கண்மூடி முழிக்கிறதுக்குள்ள முடிஞ்சுது.

“இதுவாடா ஸ்லோ? பறக்குது!”

“சில நேரம் அப்பிடித்தான் மச்சான். சில நேரம் படுத்திடும்.”

“மிஷின் படுக்கேல்ல, நீதான் படுத்திருக்கிறாய்” எண்டுகொண்டு அக்காவின்ட வீடியோவைத் திறந்தார். மாலை மாத்தினது, தாலி கட்டினது, பந்தி, கடைசியில ‘நன்றி, வணக்கம்’ வரைக்கும் எல்லாம் போன மாசமே முடிஞ்சு கிடக்கு.

“அடப்பாவி! முடிச்சு வைச்சுக்கொண்டா இந்தத் தாயை அலைக்கழிக்கிறாய்? நீயெல்லாம் மனுசனாடா?”

பாலேஸ்வரி அக்காவின்ட முகம் வெளிறிப் போச்சு.

அந்த நேரம் பார்த்து ஒரு பொலிஸ் சார்ஜன் உள்ளுக்கு வந்தார். லொட்ஜில இருக்கிற ஆக்களை விசாரிச்சுப்போட்டு நேரே இங்க வாறார்.

“தாம இவர நெத்த?” எண்டார் சிங்களத்தில. இன்னும் முடியேல்லையா எண்டு கேள்வி. பிறகு தனக்குத் தெரிஞ்ச தமிழில சொன்னார். “வீடியோக்கு நிக்கிறது எண்டு சொன்னதால தானே இந்த அம்மாவைக் கொழும்பில நிக்க விட்டது? முடிஞ்சா ஊருக்குப் போக வேணும்.”

அக்காவின்ட ஊரில ஷெல் விழுகிற செய்தியைக் காலையில ரேடியோவில வின்சன்ற்றும் கேட்டவர்தான். நிக்கலஸைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க யாரு?” சார்ஜன் வின்சன்ற்றைக் கேட்டார்.

“இந்த மிஷினைப் பூட்டினவன் சேர்.”

“இவ்வளவு நாள் எடுக்குது. அப்பிடி என்ன மிஷின்?”

வின்சன்ற் மவுசைத் தொட்டு, அக்காவின்ட வீடியோவை மெல்ல மூடினார்.

“அதை ஏன் சேர் கேக்கிறீங்க? சரியான தரித்திரம் பிடிச்ச மிஷின். நல்லதெண்டு பொய் சொல்லி இவன்ட தலையில கட்டினதே நான்தான்!”