கறுப்புக் கண்ணாடி மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த குணசீலன், வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“மாறுகண்ணா இருக்குமோ?” என்று மங்கையின் காதில் கிசுகிசுத்த அம்மா, “தம்பி, அதக் கொஞ்சம் கழட்டுங்களேன்” என்று கேட்டேவிட்டாள்.

கழற்றினான். கண்கள் லட்சணமாகவே இருந்தன.

“பவர் கண்ணாடிங்க. மரக்காணம் உப்பளத்துல வேலை. வெள்ளை உப்புல வெயில் பட்டு கண்ணு கூசுதுன்னு கறுப்புல போட்டேன். கழட்டுனா பொண்ணு முகமே தெரியலீங்க” என்று மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

அம்மாவுக்கு முகம் வாடியது. மங்கையோ, “கண்ணு கூசாம இருக்கக் கோட்டிங்கும் போட்டீங்களா? குடுத்த காசுக்குத் தகுமா?” என்றாள்.

“தாராளமா. இப்பல்லாம் கண்ணுல தண்ணியே வர்றதில்ல.”

“அப்போ எனக்கும் ஒண்ணு வேணும்” என்றவள் உள்ளே ஓடினாள். அம்மா ஒளித்து வைத்திருந்த தன் சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளை இவ்வளவு நேரமும் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.