பச்சைப் பூ

ராயபுரத்து ஒண்டுக்குடித்தனத்தின் வாசல்வழியே மாலை வெயில் உள்ளே சாய்ந்து விழுகிறது. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஹுமாயூன், வியர்வைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், ஒன்றரை வயது மகள் மைமூனை மடியில் வைத்திருக்கிறான். இத்தாலிக் கப்பலின் சமையல்காரன் கொடுத்த காய் கிண்ணத்தில் மசிந்து ஆவி விடுகிறது. பார்த்தால் காலிபிளவர் மாதிரிதான். நிறம் மட்டும் கரும்பச்சை. பெயர் புரோக்கோலியாம். "வெள்ளக்காரப் புள்ளைங்க இத்தத் துன்னுதான் கொழுகொழுன்னு கீதுங்க" என்று அவன் வரும்போதே கூவியதில், பக்கத்து வீட்டுக் குப்பம்மாவும் இன்னும் நாலு பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். மைமூன் முதல் வாயைத் துப்புகிறாள். இரண்டாவதையும் துப்புகிறாள். மூன்றாவது அவன் சட்டையில் பச்சையாக வழிகிறது. "உம் பொண்ணுக்குக் கருவாட்டுக் கொயம்புதான் லாயக்கு பாய்" என்கிறாள் குப்பம்மா. எல்லோரும் சிரிக்கிறார்கள். ஹுமாயூனின் கை குழந்தையின் தொடையில் பளீரென்று விழுகிறது. சிரிப்பு நின்றுபோகிறது. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக, அவன் முகத்தைப் பார்க்காமல் நகர்கிறார்கள். "கொயந்த அது, அதுக்கு இன்னா தெரியும்?" என்கிறாள் மனைவி அஜீசா, குரலை உயர்த்தாமல். பிஞ்சுத் தொடையில் நாலு விரலும் சிவந்து எழும்புகின்றன. மைமூன் விசும்பிக்கொண்டே அப்பன் முகத்தையே பார்க்கிறாள். பிறகு, யாரும் சொல்லாமலே, கண்களை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறக்கிறாள். ஹுமாயூன் கரண்டியைக் கீழே வைக்கிறான். வைத்த பிறகும் அந்த வாய் மூடவில்லை.