நாயனம் நின்ற நேரம்

கம்போன் மண்டியிட்டு வெகுநேரமாகிவிட்டது. எழுந்திருக்கிற வழியாகக் காணோம்.

அவனோடு மோதப்போகிறவன் தன் வணக்க ஆட்டத்தை எப்போதோ முடித்துவிட்டான். மேடைக் கயிற்றில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊர் உதைச்சண்டைக்கு முன் குருவுக்கு வணக்கம் ஆடுகிறவனை யாரும் அவசரப்படுத்த முடியாது. நடுவர்கூட வாயைத் திறக்க மாட்டார். அவன் ஆடி முடிக்கிற வரை வாத்தியக்காரர்களும் நிறுத்தக் கூடாது.

நாயனம் என் அப்பா சம்ரான். மத்தளம் இரண்டும் சித்தப்பாக்கள். கைத்தாளம் நான்.

சுபன்புரி கோயில் திருவிழாவில் பெண்கள் சண்டை மேடையைத் தொடக் கூடாது. தாளத்தைத் தொடலாம். அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

போன வாரம் கம்போன் என்னைப் பெண் கேட்டு வீட்டுக்கு வந்திருந்தான். அப்பா அவனுக்குப் பாய் போட்டார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். பெண்ணை மட்டும் கொடுக்கவில்லை.

"இந்த மாகாணத்துல இருக்கறவன் எல்லாம் உதைச்ச மூஞ்சி அது. என் பேரனுக்கு அந்த மூக்கு வேணாம்."

உடைந்த மூக்கு வம்சத்தில் இறங்காது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அப்பா காதில் வாங்கவில்லை. எனக்கோ அந்த மூக்குதான் பிடித்திருந்தது.

மேடையில் கம்போன் மெல்லத் திரும்பினான். சொந்த ஊர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுவதுதான் வழக்கம். அவன் எங்களைப் பார்த்துத் திரும்பி, நெற்றி தரையில் பட, அப்பாவைக் கும்பிட்டான்.

கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏற்கெனவே ஊருக்கே தெரிந்த விஷயம்தான்.

அப்பா மூக்கால் மூச்சை இழுத்துக் கன்னத்தில் சேர்த்துக்கொண்டே வாயால் ஊதுகிறவர். சாதாரணமாக அவருக்கு இளைக்காது. ஆனால் ஆட்டம் மெதுவாகப் போகப் போக நாயனத்துக்கு மூச்சு அதிகம் வேண்டும். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

கம்போன் மறுபடியும் கும்பிட்டான். இன்னும் மெதுவாக.

"சம்ரான் அண்ணே, பொண்ணக் குடுத்துத் தொலைங்க! நாங்க சண்டை பாக்க வேணாமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

கூடம் முழுக்கச் சிரித்தது. கொட்டாவி விட்டவனும் சிரித்தான். அப்பா வாயில் நாயனம் இருந்ததால் அந்த ஆள் ஒரு நல்ல வசவிலிருந்து தப்பினான்.

பிடிவாதத்தில் அப்பாவை ஜெயிக்க ஆள் கிடையாது. கடைசியில் கம்போன்தான் எழுந்தான். வணக்க ஆட்டத்துக்காகத் தலையில் போட்டிருந்த வளையத்தை அவனுடைய பயிற்சியாளர் கழற்றியபோதே முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

மணி அடித்தது. வாத்தியம் வேகம் எடுத்தது.

எதிராளி நன்றாக ஓய்வெடுத்திருந்தான். தொடையில் ஒரே உதை. கம்போன் அடியோடு சாய்ந்தான்.

நடுவர் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். கம்போன் அசையவில்லை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

திடீரென்று நாயனம் நின்றது.

சண்டை நடுவில் அப்பா நாயனத்தை வாயிலிருந்து எடுத்து நான் பார்த்ததே இல்லை. கூரைத் தகரம் காற்றில் பிய்த்துக்கொண்டு போன வருஷம்கூட ஊதிக்கொண்டுதான் இருந்தார். இப்போது பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தார்.

"எந்திரிடா மாப்ளே!"

மத்தளமும் நின்றுபோயிருந்ததால் வெளியே வாழைப்பழ பஜ்ஜி போடுகிறவள் வரைக்கும் அது கேட்டது.

கம்போன் கண்ணைத் திறந்தான். நடுவர் எட்டு என்று சொல்வதற்குள் எழுந்து நின்றான். அதற்குள் அப்பா நாயனத்தை வாயில் வைத்துக்கொண்டு, வேறு யாரோ கத்தின மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்போன் தோற்றான். ஐந்து சுற்றும் அடி வாங்கினான், ஐந்து சுற்றும் இளித்துக்கொண்டே இருந்தான்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா நாயனத்தைத் துணியில் சுற்றினார். மாப்ளே என்று சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் முன்னால் கையை நீட்டினார். தாளத்தைக் கொடுத்தேன். அதை ஒருமுறை தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து முறைத்தார்.

"ஆட்டத்தோட வேகம் யார் கையில இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தாளத்த அந்த இழுப்பு இழுத்தா, பாவம், அந்தப் புள்ளைக்குக் கால் மரத்துப்போகாம என்னடி பண்ணும்?"