யார்மிலாவின் முதல் சுற்று
கொட்டகைக் கதவைத் திறந்ததும் பனியில் பட்டுத் தெறித்த வெயில் உள்ளே பாய்ந்து நான்கு சக்கர குவாட் பைக்கின் சிவப்பு மட்கார்டில் விழுகிறது. ஓரவா மலைப்பகுதியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் யார்மிலா, நவம்பரில் இதை நான்கு பெட்டி உதிரிபாகங்களாகத்தான் வாங்கினாள். ஓடைப் பள்ளத்தில் விட்டு நொறுக்கி அவளிடம் விற்ற அண்ணன் இம்ரிக் இப்போது கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். "இதுல கோழிதான் அடையும்னு அப்பவே சொன்னேன்ல?" "கொஞ்சம் வாய மூடிக்கிட்டு நில்லுண்ணே." தானே பற்றவைத்து ஒட்டிய வண்டிச் சட்டத்தின் தழும்பைக் கட்டைவிரலால் தடவிவிட்டுக் கிக்கரை உதைக்கிறாள். ஓர் இருமல், அவ்வளவுதான். இம்ரிக் சிரிக்க வாயெடுக்கிறான். அவள் சோக்கைப் பாதி தள்ளிவிட்டு மறுபடி உதைக்கிறாள். எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொள்கிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, கூரைப்பனி பொத்தென்று சரிகிறது, நீலப்புகை வெயிலில் சுருள்கிறது. யார்மிலா உடனே முறுக்கிவிடவில்லை. தலையைச் சாய்த்து, துடிப்பு சீராகும்வரை கேட்கிறாள். சத்தத்தில் ஒரு பிசிறும் இல்லை. குளிர்காலம் முழுக்கக் குனிந்தே கிடந்த முதுகு தானாக நிமிர்கிறது. இம்ரிக் மெல்லக் கிட்டே வந்து, கிரீஸே படாத தன் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறான். "நான் ஒரு தடவ உக்காந்து பாக்கட்டுமாடி?" "முதல்ல நான் போய்ட்டு வரேன்" என்று ஹெல்மெட்டை மாட்டுகிறாள். அவன் கதவின் மறுபாதியையும் அவளுக்காகத் திறந்துவிடுகிறான்.