படவேட்டுச் சீத்தாப்பழம்

"படவேட்டுத் தோப்புல இப்ப பழமே இல்லீங்க" என்று கூசாமல் பொய் சொன்னான் வேடியப்பன்.

கம்பெனி ஆபீசர் அருணகிரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்துதானே தோப்புக்கார ரங்கசாமி ஆளனுப்பி வரச் சொன்னாரு? சீத்தாப்பழம் காச்சித் தொங்குதாம். ஜப்பான்காரரு தன் கையாலயே பறிக்கணும்னு காலையிலேர்ந்து கேட்டுகினு இருக்காரு. உனக்கு இன்னாய்யா பேஜாரு?"

வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆரணியில் செருப்புத் தைக்கிற ஒருத்தன் வீட்டைத் தேடி ஜப்பானிலிருந்து ஆள் வரும் என்று யார் கண்டது? ஒசாதா என்ற அந்தக் கிழவர் பரம்பரையாகத் தோல் வேலை செய்கிறவர். ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிக்கு வந்தவர், கையால் தைக்கிற ஆளைப் பார்த்தே தீரவேண்டும் என்று ஒரு நாள் ஒதுக்கி வந்திருந்தார்.

காலையெல்லாம் வேடியப்பனோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மான்தோலில் அரக்குச் சாயம் கொண்டு பூப்பூவாக அச்சு வைத்துக் காட்டினார். இவன் வார் கிழித்துத் தைப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தார். வார்த்தைக்கு வார்த்தை "வேடியப்பன் சான்" என்றார்.

"சான்னா இன்னாங்க?"

"நாம வாங்க, போங்கன்றோமே, அந்த 'ங்க'தான்யா" என்றார் அருணகிரி.

நாற்பத்தெட்டு வருஷத்தில் வேடியப்பனுக்கு ஊரில் ஒருத்தரும் 'ங்க' போட்டதில்லை. தோப்புக்குப் போனால் அது போய்விடுமே என்ற பயத்தில்தான் அந்தப் பொய். படவேடு அவன் பிறந்த ஊர். ரங்கசாமியின் கிணற்றில் மாடு கட்டித் தண்ணி இறைத்த கவலைக்குத் தோல் பை தைத்துக் கொடுத்தது அவன் அப்பன். அந்தத் தண்ணியில் வளர்ந்த மரத்துக்குத் தீட்டில்லை, தைத்த கைக்குத்தான் தீட்டு.

பொய் எடுபடவில்லை. ஜீப் கிளம்பிவிட்டது.

ரங்கசாமி விருந்தாளிக்கு மாலை போட்டு வரவேற்றார். மரத்துக்கு மரம் கூட்டிப்போய், கண் விரிந்த காயாகப் பார்த்துப் பறிக்கக் காட்டிக்கொடுத்தார். வேடியப்பன் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். அவனை யாரும் நிற்கச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஒசாதா திரும்பித் திரும்பிப் பார்த்தார். "வேடியப்பன் சான்?"

"அவன் அங்கியே இருப்பான்" என்ற ரங்கசாமி, மரத்திலேயே பழுத்த ஒன்றைப் பறித்துக்கொண்டு வேலியோரம் போனார். "டேய், இந்தா, நீயும் துன்னு."

வேடியப்பன் பழக்கதோஷத்தில் தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்தான். கை படாத உயரத்திலிருந்து விழுந்த பழம் துண்டிலேயே பிளந்துபோனது. அந்த மனுஷன் பார்க்க இப்படி நிற்கிறோமே என்று அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

ஒசாதா விடுவிடுவென்று வேலிக்கு வெளியே வந்தார். மாலையைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, வேடியப்பன் பக்கத்தில் நின்று, அதே மாதிரி விரித்தார்.

ரங்கசாமி சிரித்தார். "இது நம்மூரு மரியாதைன்னு நெனச்சிகினாரு போல. அவருக்கு இதெல்லாம் வேணாம், கூடையோட தரேன்னு சொல்லுங்க."

அருணகிரி இங்கிலீஷில் சொன்னார். கிழவர் துணியை மடக்கவில்லை. தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அருணகிரியால் ரங்கசாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னா சொல்றாரு?"

"தோல் வேலைக்காரர்னு அவங்க ஊர்ல அவங்க அப்பாவும் தோப்புக்கு வெளிய நின்னு இப்படித்தான் வாங்குவாராம். இவருக்கும் கை படாம மேலேர்ந்தே போடச் சொல்றாருங்க."